நாலாவது ட்யூப்

ஏழாம் எண் மட்டும் ஒத்துவரவில்லை.

காலை எட்டரை மணி. நேற்று லேபில் வந்து இறங்கிய புது மெஷின் தன் முதல் தாளை வெளியே தள்ளியது. சின்னவள் அதைக் கிழித்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் எண், பத்துப் பேருக்குப் பத்து வரிகள். ஒன்பது வரிகள் சமர்த்தாக நாற்பதுக்குக் கீழே இருந்தன. ஏழாவது வரியில் 118.

நேற்று மாலை அவள் வீட்டில் நடந்தது ஒரு கூத்து. மெஷின் சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க, நோய் நொடி இல்லாத பத்துப் பேரின் ரத்தம் வேண்டியிருந்தது. லேபில் இருப்பதே ஏழு பேர். மீதிக்கு வெளியாட்களைப் பிடித்தார்கள். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "யானை ரத்தம். மெஷின் தாங்குமான்னு கேட்டுட்டு எடு" என்று கையை நீட்டினான். ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த அண்ணியை யாரும் கேட்கவில்லை. அம்மாவைக் கேட்டபோது, "என் ரத்தம் எதுக்கும் ஆகாது, விடு" என்று எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தப் பத்து ட்யூபிலும் பெயர் கிடையாது. நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு என்று எண் மட்டும். எது யாருடையது என்பது சின்னவளின் கோட்டுப் பையிலிருந்த சிறு நோட்டுக்கு மட்டும் தெரியும்.

நார்மல் ஒன்று அவளே. 19.

நார்மல் ஏழு அண்ணன்.

"மேடம், மெஷினைச் சந்தேகப்படாதீங்க" என்றார் மெஷின்காரர். கம்பெனியிலிருந்து அதைப் பொருத்த வந்தவர். இரண்டு நாளாக அதே டை. "ரத்தம் எடுத்த கை சரியில்லாம இருக்கலாம்."

எடுத்த கை சின்னவளுடையது. ட்யூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். எடுத்த விதம் தப்பாகி ரத்தம் உடைந்திருந்தால் மேலே நிற்கும் நீர் சிவந்திருக்கும். இது வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது.

"மறுபடி ஓட்டு" என்றார் லேப் டாக்டர். ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடுபவர்.

117.

"மாமியார்கிட்ட கேளு."

மாமியார் என்பது மூலையில் இருந்த பழைய மெஷின். ஒன்பது வருடமாக முனகிக்கொண்டே உழைத்ததால் வந்த பெயர். புதியது வந்த ஒரு மணி நேரத்திலேயே அதற்கு மருமகள் என்று பெயர் விழுந்துவிட்டது. சின்னவள் ஏழாம் ட்யூபிலிருந்து ஒரு துளியை மாமியாருக்குக் கொடுத்தாள். அது வழக்கம்போல முனகியது. நாலு நிமிடம் யோசித்தது.

115.

டாக்டர் இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்தார். "மாமியாரும் மருமகளும் ஒரே பேச்சு பேசுறாங்கன்னா அது உண்மையாத்தான் இருக்கணும்."

மெஷின்காரர் டை முடிச்சைத் தளர்த்திக்கொண்டார். இரண்டு நாளில் அவர் சிரித்து இப்போதுதான் பார்த்தார்கள்.

"யாரு இந்த ஏழு?"

சின்னவளுக்கு நாலு பேர் முன்னால் பேசுவதே பாடு. அதிலும் இது. நோட்டைத் திறந்து, தெரியாததைப் பார்ப்பதுபோல் ஒரு முறை பார்த்தாள்.

"என் அண்ணன், டாக்டர்."

மெஷின்காரரின் சிரிப்பு நின்றது. மரியாதையாக வெளியே போய் யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார்.

"என்ன வேலை பார்க்கிறார்?"

"வீடு மாத்திக் கொடுக்கிற கம்பெனி. பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் முதுகிலேயே தூக்குவான்."

"அப்ப தசையா இருக்கலாம். இந்த எஸ்.ஜி.பி.டி. சரக்கு தசையிலயும் கொஞ்சம் உண்டு. சி.பி.கே. பாரு."

சின்னவள் பார்த்தாள். பாரம் தூக்கித் தசை நொந்திருந்தால் அந்த எண் ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். வந்தது 190.

"தசை இல்ல. குடிப்பாரா?"

"டீ."

"எத்தனை?"

"எட்டு, ஒன்பது."

டாக்டர் சிரித்தார். "அதோட ஜோடி நம்பர், எஸ்.ஜி.ஓ.டி., என்ன காட்டுது?"

"எழுபத்தொண்ணு."

"குடிக்கிற ஆளுக்கு அது மேல நிக்கும், எஸ்.ஜி.பி.டி. கீழ நிக்கும். இவருக்குத் தலைகீழா இருக்கு." டாக்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்தார். மெஷின். கை. தசை. குடி. அடிக்காமல் நின்றவை இரண்டுதான். கொழுப்பு. கிருமி.

அண்ணனாயிற்றே என்ற பயம் ஒரு பக்கம். விடை எது என்று தெரிந்துகொள்ளும் ஆசை இன்னொரு பக்கம் எறும்புபோல் ஊர்ந்தது. அந்த ஆசைக்காகச் சின்னவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"கார்டு டெஸ்ட் போட்டா இருபது நிமிஷம்" என்றார் டாக்டர். "ஆனா அவர் ரத்தம் கொடுத்தது மெஷினைச் சோதிக்க. அவரைச் சோதிக்க இல்ல. கேட்காம போடக் கூடாது. நீயே போய் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு வா."

சின்னவள் தயங்கினாள். "போன்ல..."

"நீ போன்ல முழுசா ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லையேம்மா. நேர்ல போ." அவள் கதவுவரை போனதும் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். "அப்படியே உன் ஊசி விஷயமும் ஞாபகம் இருக்கட்டும். ரெண்டாவது சுற்று எப்போ?"

"அடுத்த வாரம், டாக்டர்."

"ஒரு வருஷமா அடுத்த வாரம்தான்."

ரத்தத்தில் கை வைக்கும் எல்லோருக்கும் லேபில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் சின்னவளுக்கும் மூன்று தவணை போட்டார்கள். அது பிடித்ததா என்று பிறகு பார்த்தபோது பூஜ்யம். சில உடம்பு அப்படித்தான், இன்னொரு சுற்று போட்டால் சரியாகும் என்றார் டாக்டர். ஊசி என்றால் சின்னவளுக்குப் பயம். அடுத்தவருக்குக் குத்துவதில் இல்லாத பயம்.

*

அண்ணன் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தான். முதுகில் பாரம் தூக்கும் வார். படிக்கட்டின் திருப்பத்தில் தங்கையைப் பார்த்ததும், "ஓரம் போ, ஓரம் போ, குளிர்சாதன ஊர்வலம் வருது" என்று கத்தினான்.

கீழே லாரிக்குப் பக்கத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு, நெற்றியை முழங்கையால் துடைத்தான். ஆறடி உயரம். அதற்கேற்ற அகலம். முப்பத்தொரு வயதில் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

"என்ன ஊமைக்கோட்டான், வேலை நேரத்துல என் ஞாபகம் வந்துடுச்சா? டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம். உன் ரத்தம்..."

"மெஷின் வெடிச்சிடுச்சா?"

"இல்ல. நம்பர் அதிகமா இருக்கு. கல்லீரல் நம்பர்."

அவன் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அது 'கண்ணாடி' என்று எழுதிய பெட்டி. உடனே எழுந்து பக்கத்திலிருந்த 'துணி'யின் மேல் உட்கார்ந்தான். "அதிகம்னா?"

"நாற்பதுக்குள்ள இருக்கணும். உனக்கு நூத்திப் பதினெட்டு."

"அதிகமா எடுத்தா நல்லதுதானே? ஸ்கூல்ல நான் நூத்துக்கு முப்பதைத் தாண்டினதே இல்ல."

சின்னவளுக்கு வீட்டில் பாடம் நடத்திப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னாள். அந்த எண் ஒரு சரக்கின் அளவு. கல்லீரலில் இருக்கும் நுண்ணிய அறைகளுக்குள் அது வேலை செய்துகொண்டிருக்க வேண்டியது. அறை உடைந்தால் சரக்கு ரத்தத்தில் கசிந்துவிடும். ரத்தத்தில் கூடுதலாக இருக்கிறது என்றால், உள்ளே எங்கோ அறைகள் உடைந்துகொண்டிருக்கின்றன.

அண்ணன் கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தான்.

"அதாவது, வண்டிக்குள்ள வெங்காயம் உருளுது. அப்ப எங்கேயோ ஒரு பெட்டி கிழிஞ்சிருக்கு."

"ஆமாம்."

"ஆனா யார் கிழிச்சதுன்னு வெங்காயம் சொல்லாது."

சின்னவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நாலு வருடம் படித்ததை அவன் ஒரு வெங்காயத்தில் முடித்துவிட்டான்.

"சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு டெஸ்ட். கிருமியான்னு பார்க்கணும். நீ கையெழுத்துப் போட்டாத்தான் போடலாம்."

"கிருமின்னா, காமாலையா?" அவன் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினான். "பாரு, பால் மாதிரி இருக்கு. காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. லேப்ல வேலை பார்க்கிறவ கண்ணுக்குக் கண்டவன் எல்லாம் நோயாளி."

"மஞ்சள் ஆகாமலேயே இருக்கும், அண்ணா. வருஷக்கணக்கா."

அவன் சிரிப்பு மெதுவாக இறங்கியது. ஃப்ரிட்ஜை இறக்குவதுபோல, ஒரு மூலை முதலில், பிறகு மற்றது.

"ஒட்டிக்குமா?"

"சாப்பாட்டுல, தட்டுல, தொட்டா எல்லாம் ஒட்டாது. ரத்தம் மூலமா வரும். புருஷன் பெண்டாட்டிக்குள்ள வரும். அம்மாகிட்டயிருந்து பிறக்கிற குழந்தைக்கு..."

"குழந்தைக்கா?"

அந்த வார்த்தைக்குப் பிறகு அவன் வேடிக்கை பேசவில்லை. பத்து வாரத்தில் பிறக்கப்போகும் குழந்தை. இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், மூன்றாவதாக நின்றது. அதற்காக வாடிக்கையாளர் ஒருவர் வேண்டாமென்று விட்டுப்போன தொட்டிலை அண்ணன் மூன்று நாள் தேய்த்து வர்ணம் அடித்திருந்தான்.

"எங்க போடணும் கையெழுத்து?"

'துணி'ப் பெட்டியின் மேல் தாளை வைத்துப் போட்டான். பேனா அட்டையில் குத்தி எழுத்து இரண்டாக உடைந்தது.

"உங்க அண்ணிகிட்ட இப்ப சொல்லாதே."

"சரி."

"பொய் சொல்லணும்னு இல்ல."

"பேசாம இருக்கத்தான் எனக்கு நல்லா வருமே" என்றாள் சின்னவள்.

*

கார்டு விரல் நீளம்தான். ஒரு முனையில் மூன்று சொட்டு விட வேண்டும். ஈரம் மெதுவாக ஏறும். ஒரு கோடு வந்தால், கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது, கிருமி இல்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது.

சின்னவள் இரண்டு கார்டுகள் வைத்தாள். ஒன்று சி வகைக்கு, ஒன்று பி வகைக்கு. சி கார்டில் ஒரு கோடு வந்து அத்தோடு நின்றது.

பி கார்டில் முதல் கோடு அழுத்தமாக வந்தது. எட்டாம் நிமிடம் அதற்குக் கீழே சந்தேகம்போல் ஒரு நிழல். பத்தாம் நிமிடம் நிழல் இளஞ்சிவப்பானது. பதினைந்தாம் நிமிடம் யாரும் கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

டாக்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டே பார்த்தார்.

"இது முதல் வார்த்தைதான். கடைசி வார்த்தை பெரிய ஆஸ்பத்திரியில சொல்லுவாங்க. கிருமி எவ்வளவு, மருந்து வேணுமா, எல்லாம். நல்ல மருந்து இருக்கு, பயப்படாதே." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இப்ப எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இது புதுசா வந்ததா, பழசா? புதுசுன்னா பல பேருக்குத் தானா போயிடும். ஆறு மாசத்துக்கு மேல இருந்தா கதை வேற. இதுக்கு முன்னாடி எப்பவாவது இவருக்கு எஸ்.ஜி.பி.டி. பார்த்திருக்கா?"

"இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்த சின்னவள் மூடிக்கொண்டாள்.

பிறகு எழுந்து போய், மாமியாருக்குக் கீழிருந்த அலமாரியின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பழைய ஃபைல்கள். இரண்டு வருடத்துக்கு முன் மாமியாருக்கு ஒரு பெரிய பழுது. சரிசெய்த பிறகு அதையும் இப்படித்தான் பத்துப் பேர் ரத்தத்தால் சோதித்தார்கள். சின்னவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். அப்போதும் அண்ணன் வந்து கையை நீட்டினான். அப்போதும் யானை ஜோக்தான்.

பக்கம் கிடைத்தது. நார்மல் நாலு, அன்றைக்கு அதுதான் அண்ணன். அதற்கு எதிரே 96. அந்த வரி முழுவதும் அளவுகோல் வைத்து நேராகக் கோடு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்து: 'மாதிரி சரியில்லை. நீக்கப்பட்டது.'

மாதிரி சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அண்ணனுக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தாள். பழுதான மெஷினை நம்புவதைவிட அண்ணனை நம்புவது சுலபமாக இருந்தது.

ஃபைலை டாக்டர் முன் வைத்தாள். விரலால் காட்டினாள்.

டாக்டர் அந்த வரியைப் படித்தார். பக்கத்தின் அடியில் இருந்த தன் கையெழுத்தையும் படித்தார்.

"நீ அடிச்சே. நான் பார்க்காம ஒப்பம் போட்டேன். தப்பு ஆளுக்குப் பாதி." பெருமூச்சு விட்டார். "ஆனா நீ அடிச்ச கோடு மெல்லிசா இருக்கு, நம்பர் தெரியுது. அது இப்ப நமக்கு உதவுது. ரெண்டு வருஷம். இது வந்து போற விருந்தாளி இல்ல. குடியிருக்கு."

"குழந்தைக்கு, டாக்டர்?"

"பிறக்கும்போது அப்பாகிட்டயிருந்து வராது. அம்மாகிட்டயிருந்துதான் வரும். உங்க அண்ணியோட கர்ப்பகால ஃபைலைப் பாரு. மூணாம் மாசமே இதைப் பார்த்திருப்பாங்க. அப்ப இல்லைன்னாலும் இன்னொரு தடவை பார்த்து, அவங்களுக்கும் ஊசி ஆரம்பிக்கலாம். குழந்தைக்குப் பிறந்த அன்னைக்கே முதல் ஊசி." டாக்டர் டிராயரைத் திறந்தார். "எல்லாருக்கும் ரத்தம் எடுத்துட்டு வா, அவங்கவங்க சம்மதத்தோட. வீட்ல எத்தனை பேர்?"

"நாலே முக்கால்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு ஏனோ சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். டிராயரிலிருந்து ட்யூப்களை எண்ணி எடுத்தார். நாலு.

"மூணு போதும், டாக்டர். அண்ணன், அண்ணி, அம்மா."

"நாலு எடுத்துட்டுப் போ."

நரம்பு கிடைக்காவிட்டால் மறுபடி குத்த வேண்டி வரும், அதற்காக இருக்கும் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

*

மாலை ஆறு மணிக்கு நாலு பேரும் கூடத்தில் இருந்தார்கள். அண்ணன் பேசாமல் இருந்தான். அதுவே அண்ணிக்குப் போதுமானதாக இருந்தது.

"என்ன விஷயம்? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து ஊமை நாடகம் போடுறீங்களா?"

அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுற்றி வளைத்தால் பிடிக்காது. சின்னவள் இரண்டு தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணனுக்குக் கல்லீரல்ல..."

"கல்லீரலா?" அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். "குடிக்கிறீங்களா?"

"ஐயோ, இல்லம்மா!"

"வேலைக்கு எடுத்துட்டுப் போற அந்தப் பச்சை ஃபிளாஸ்க்ல என்ன?"

"டீ! உன் வயித்துல இருக்கிற பிள்ளை மேல சத்தியமா டீ!"

"குடி இல்ல, அண்ணி" என்றாள் சின்னவள். "நம்பரே சொல்லுது." எப்படிச் சொல்கிறது என்று விளக்கினாள். அண்ணி தாளை வாங்கி, எழுபத்தொன்றையும் நூற்றுப் பதினெட்டையும் பார்த்தாள். நாற்பதுக்கு மூன்று மடங்கு என்று முணுமுணுத்தாள். பிறகு சின்னவள் கார்டைப் பற்றிச் சொன்னாள். இரண்டாவது கோட்டைப் பற்றி.

அண்ணியின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"உங்க ஃபைலைக் கொடுங்க, அண்ணி."

அதை எடுத்து வந்தது அண்ணன். பீரோவை ஒற்றை ஆளாகத் தூக்குபவன் அந்த மெலிந்த ஃபைலை இரண்டு கையாலும் பிடித்து வந்தான். சின்னவள் புரட்டினாள். ஸ்கேன். சர்க்கரை. ரத்த வகை. மூன்றாம் மாதத் தாளில், கீழேயிருந்து இரண்டாவது வரி.

"ஹெபடைடிஸ் பி. நெகட்டிவ்."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி அவன் தலையில் கை வைத்தாள். "இன்னொரு தடவை பார்க்கணும், ஊசி போடணும், குழந்தைக்குப் பிறந்த அன்னைக்கே போடணும். அவ்வளவுதானே?" சின்னவள் தலையாட்டினாள். அண்ணி விரல்விட்டு எண்ணி முடித்தாள். "அப்ப அதைச் செய்வோம்."

"இன்னொண்ணு இருக்கு" என்றாள் சின்னவள்.

ஃபைல் பக்கத்தின் நகலை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். அடித்த வரி. அவளுடைய குண்டு எழுத்து.

"இது நீதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் அடிச்சிட்டேன்."

அண்ணன் அதை வாங்கினான்.

"மாதிரி சரியில்லை" என்று வாய்விட்டுப் படித்தான். "இருபத்தஞ்சு வருஷமா நீ மனசுல நினைக்கிறதைத் தைரியமா ஒரு தாள்லயாவது எழுதியிருக்கே."

அண்ணிதான் முதலில் சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"விடு. கிழிஞ்ச பெட்டி இப்பவாவது தெரிஞ்சுதே."

"எனக்கு ஒண்ணு புரியல" என்றாள் அண்ணி. "இவருக்கு எங்கேயிருந்து வந்தது? ஆபரேஷன் இல்ல, ரத்தம் ஏத்தினதில்ல."

"பெரியவங்களுக்கு வந்தா பெரும்பாலும் உடம்பே விரட்டிடும்" என்றாள் சின்னவள். கேள்வி அவளுக்குள்ளும் காலையிலிருந்து ஊர்ந்துகொண்டிருந்ததுதான். "இப்படிச் சத்தமில்லாம தங்கணும்னா ரொம்பச் சின்ன வயசுல வந்திருக்கணும். அதிகமா, பிறக்கும்போது அம்மாகிட்ட..."

வாக்கியம் முடியும் முன்பே அவள் நிறுத்திவிட்டாள்.

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் துடைத்துக்கொண்டிருந்த டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அத்தை, உட்காருங்க" என்றாள் அண்ணி.

அம்மா உட்காரவில்லை. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது அவள் கையில் சின்னவளின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பழைய பிளாஸ்டிக் உறை. அதற்குப் பின்னாலிருந்து, பழுப்பேறி மடிப்பில் விட்டுப்போன ஒரு கடிதத்தை உருவி எடுத்தாள்.

"பெரியவனுக்கு அஞ்சு வயசு. உங்கப்பாவுக்கு அந்த லாரி விபத்து. ரத்தம் வேணும்னாங்க. நானும் கொடுத்தேன். மறுநாள் வந்து, உங்க ரத்தம் வேண்டாம், ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. வேற யாரோ கொடுத்து அப்போ பிழைச்சார். ஒரு மாசம் கழிச்சு இது வந்தது."

அண்ணன் வாங்கிப் படித்தான். இனி யாருக்கும் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்றும், மருத்துவரை நேரில் வந்து பார்க்கும்படியும் நாலு வரி.

"போய்ப் பார்த்தியாம்மா?"

"போகல."

"ஏன்?"

அம்மா மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். "அப்பத்தான் தெரிஞ்சுது, வயித்துல ஒண்ணு இருக்குன்னு. போனா ஏதாவது சொல்லிடுவாங்கன்னு பயம். கலைச்சிடச் சொல்லுவாங்களோன்னு பயம். பிறந்து நல்லா இருந்துது. அப்புறம் எதுக்குப் போறதுன்னு விட்டுட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைவரை புடவைத் தலைப்பை ஒதுக்கி, கையை மேஜைமேல் நீட்டினாள்.

"எடு. எதுக்கும் ஆகாத ரத்தம்னு இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். எதுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுக்கிறேன்."

சின்னவள் பையைத் திறந்தாள். அம்மாவின் கையில் பட்டையைக் கட்டினாள். நரம்பு முதல் தடவையே கிடைத்தது. பிறகு அண்ணியிடம் எடுத்தாள். பிறகு அண்ணனிடம். இந்தத் தடவை அவன் யானையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மூன்று ட்யூப்களும் மேஜைமேல் வரிசையாக நின்றன.

பையை மூடப் போனபோது விரலில் நாலாவது தட்டுப்பட்டது.

கடிதம் இன்னும் மேஜைமேல் இருந்தது. அதன் தேதியைப் பார்த்தாள். பக்கத்தில் சான்றிதழில் தன் பிறந்த தேதி. இரண்டுக்கும் நடுவே ஏழு மாதம்.

மூன்று தவணை ஊசி. பூஜ்யம். சில உடம்பு அப்படித்தான் என்று டாக்டர் சொன்னது ஒரு காரணம். பாடப்புத்தகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கிருமி ஏற்கெனவே குடியிருக்கும் உடம்பில் ஊசி பிடிக்காது.

ஆனால் நார்மல் ஒன்று. 19. அவ்வளவு நல்ல எண்.

வெங்காயம் உருளவில்லை என்றால், பெட்டி கிழியவில்லை என்றுதான் அர்த்தம். வண்டிக்குள் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை.

"அது யாருக்குடி, அந்த இன்னொரு ட்யூப்?" என்று அம்மா கேட்டாள்.

சின்னவள் லேபலை உரித்து ஒட்டினாள். பேனாவைத் திறந்தாள். கை பழக்கத்தில் 'நார்மல்' என்று எழுதப் போனது. நிறுத்தினாள். லேபலில் தன் பெயரை எழுதினாள்.

பிறகு இடது கைச் சட்டையை மடித்துக்கொண்டு, பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்படி அண்ணனிடம் நீட்டினாள்.